நாற்பதுக்காக எழுதிய இருபது

ஆமாம், அந்த அறிக்கையில் இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான். கடைசிப் பக்கம், கீழே, நீல மை. மறுக்கவில்லை. மறுக்க முடியாத அளவுக்குத் தெளிவாகப் போட்டிருக்கிறேன். அதைப் பற்றிப் பேசத்தான் நேரம் கேட்டேன். கேட்டவருக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். மேடைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

நடு நாற்காலியில் நடுநிலை நழுவாமல் அமர்ந்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! என் கோப்புகளில் எல்லாம் கையொப்பமிட்டு இதுவரை என்னைக் காத்துவந்த, இன்றைக்குப் பிறகும் காப்பாரா என்று தெரியாத, எங்கள் சாலைத் துறைச் செயற்பொறியாளர் அவர்களே! அறுபது வேண்டும் என்று ஆறு பக்கத்தில் மனு எழுதி வந்திருக்கும் லாரி உரிமையாளர் சங்கச் செயலாளர் அவர்களே! முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! அட்டைப்பெட்டி ஆலையில் முதல் ஷிப்டு முடித்து, விரலில் ஒட்டிய பசை காயும் முன்னே இங்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்த பாக்கியசாலிகளே! பிடிக்க முடியாமல் சுவரோரம் நிற்பவர்களே! உங்கள் அனைவருக்கும் சாலைத் துறையின் வேக அளவீட்டு உதவியாளருடைய வணக்கம்.

பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சாலையோரம் நிற்பேன். வரும் வண்டியை நோக்கி ஒரு கருவியை நீட்டுவேன். அது ஓர் எண்ணைக் காட்டும். எழுதிக்கொள்வேன். பிறகு அடுத்த வண்டி. இதற்காகப் பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டு படித்தேன். என் அக்கா இதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்வாள்.

தொடங்கும் முன் ஒரு கேள்வி. நம் ஆலைச் சாலையில், நான்கு கிலோமீட்டர் முழுவதற்கும், வேக வரம்பு எவ்வளவு?

இருபது. சரியான பதில். பலகை பதினோரு ஆண்டுகளாக அதைத்தான் சொல்கிறது. இன்று அந்தச் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் கை தூக்குங்கள். நல்லது. பாதி மண்டபம். இருபதைத் தாண்டாமல் வந்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கலாம்.

ஒரு கை.

தலைவர் அவர்களே, நீங்களும் இறக்கியதைக் கவனித்தேன். உங்கள் நேர்மைக்கு நன்றி.

அந்த ஒரு கை என் அத்தானுடையது. என் அக்காவின் கணவர். போதும் அத்தான், கையை இறக்குங்க.

அத்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். உங்களில் பலருக்கு அவரிடம்தான் கிளட்ச் பழக்கம். அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அவரிடம் படித்தவர்களும், அவர் வண்டிக்குப் பின்னால் சிக்கியவர்களும் சேர்ந்து வைத்த பெயர்: இருபது. "இருபது வராரு, வேற வழியில போ" என்பார்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கடந்து போகும்போது தலையை வெளியே நீட்டி, "அண்ணே, இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்பார்கள். அத்தான் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். இருபதில் போவார்.

நான் ஒருமுறை கேட்டேன். "ஏன் அத்தான், யாருமே போறதில்லையே, நீங்க மட்டும் ஏன்?"

"பலகையில எழுதியிருக்குல்ல."

"எழுதியிருந்தா?"

"எழுதினவங்க யோசிக்காமலா எழுதியிருப்பாங்க?"

எழுதினவங்க என்றால் எங்கள் அலுவலகம். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த இருபது எங்கிருந்து வந்தது? வண்டிகளை அளந்து வந்ததா? விபத்துகளை எண்ணி வந்ததா? விவரம் அறிந்தவர்கள் விவாதித்து வந்ததா? கோப்பறையில் மூன்று நாள் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. ஒரே ஒரு பக்கம், கூட்டக் குறிப்பு. இருப்பதை இருப்பதுபோலவே படிக்கிறேன். "இச்சாலைக்குப் பொருத்தமான வேகம் நாற்பது எனக் கருதப்படுகிறது. பலகையில் உள்ளதைவிட இருபது கூடுதலாகச் செல்வது ஓட்டுநர்களின் வழக்கம். ஆகவே பலகையில் இருபது என எழுதத் தீர்மானிக்கப்பட்டது. தேநீருடன் கூட்டம் நிறைவுற்றது."

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ பார்த்த முகம்போல இருந்தது. வீட்டில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் திருப்பி வைப்போமே, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காக. முதல் வாரம் கிளம்புவோம். இரண்டாவது வாரம், "அது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தானே" என்று இன்னொரு டம்ளர் டீ குடிப்போம். வீட்டில் எல்லோருக்கும் அது பொய் என்று தெரியும். விருந்தாளி வந்தால், பாவம், அவர் மட்டும் அதை நம்பி ஓடுவார்.

அந்தப் பலகையை நட்ட ஓட்டுநர் இன்னும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்குப் பலகையை ஏத்திக்கிட்டு எந்த ஸ்பீடுல வந்தீங்க?"

"சாயந்திரத்துக்குள்ள நட்டாகணும்னாங்கம்மா. ஒரு எழுபது வந்திருப்பேன்."

"நட்டுட்டுத் திரும்பிப் போகும்போது?"

கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர். "அப்போ வண்டி காலியா இருந்துச்சும்மா" என்றார்.

இனி என் பங்கு.

நான்கு மாதத்துக்கு முன்னால், பலகை பயன் தருகிறதா என்று அளக்க என்னை அனுப்பினார்கள். ஆலை வாசலில் நின்றேன். எப்படி நின்றேன்? கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி. மூன்று கால் தாங்கியில் கருவி. பெரிய குடை. பக்கத்தில் துறையின் பெயர் எழுதிய ஜீப். அரைக் கிலோமீட்டர் தூரத்திலேயே என்னைத் தெரியும். எதிரே போகிற வண்டிகள் வருகிற வண்டிகளுக்கு விளக்கைச் சிமிட்டிச் சிமிட்டிச் செய்தி சொல்லின. வந்தவர்கள் எல்லோரும் வரம்பு பார்த்து, வரப்பில் நடப்பதுபோல வந்தார்கள்.

ஒரு ரொட்டி வண்டிக்காரர் என் பக்கத்தில் நிறுத்தியே கேட்டார்.

"மேடம், எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"சரி, அப்ப நான் அஞ்சரைக்கு வரேன்."

இதை நான் குறிப்பில் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

சராசரி இருபத்தெட்டு என்று வந்தது. இருபத்தெட்டு என்றே எழுதினேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. கூட்டல் சரி. வகுத்தல் சரி. கருவி சரி. ஆனால் நான் அளந்தது அந்தச் சாலையின் வேகமா? என் ஆரஞ்சு மேலங்கிக்குக் கிடைத்த மரியாதையை அளந்துவிட்டு, அதற்குச் சாலையின் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். ரொட்டி வண்டி போன பிறகு ஒரு நிமிடம் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அடுத்த வண்டி வந்தது.

"பலகை சிறப்பாகப் பயன் தருகிறது. மேல்நடவடிக்கை தேவையில்லை." என் வாசகம்தான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. பிற்பகல் இரண்டு ஐந்து. ஷிப்டு விட்ட நேரம். உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள், நான் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அத்தானின் பயிற்சிக் கார் வருகிறது. ஸ்டியரிங்கில் ஒரு கணக்காசிரியை, மூன்றாவது பாடம். வேகம் இருபது. ஆலை வாசலில் பெண்கள் கடக்கக் காத்து நிற்கிறார்கள். அத்தான் நிறுத்தச் சொல்கிறார். ஆசிரியை நிறுத்துகிறார். மிகச் சரியான நிறுத்தம், எஞ்சின்கூட அணையவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். வரிசையில் முதலில் நிற்பவள் என் அக்கா. அந்த ஆலையில் பெட்டி மடிக்கும் பிரிவில் ஒன்பது ஆண்டாக வேலை செய்பவள். அத்தான் ஜன்னல் வழியே கையை நீட்டி, வா என்று காட்டுகிறார். அக்கா சாலையில் இறங்குகிறாள்.

காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி. கற்றுக்கொள்பவர்களின் கார்கள் காரணமில்லாமல் நிற்கும் என்பது அதன் ஓட்டுநருடைய அனுபவம். அவர் நிற்கவில்லை. விலகி, காரைத் தாண்டி ஏறி வந்தார். காருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவள் அவருக்குத் தெரியவில்லை. கார் மறைத்தது.

அக்காவுக்கு இடுப்பெலும்பும் இடது தொடையும் உடைந்தன.

அதோ, முன்வரிசை ஓரத்தில், நடைதாங்கியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். என்ன அக்கா? "சீக்கிரம் சொல்லி முடிடி, கால் மரத்துப் போகுது" என்கிறாள். முடிக்கிறேன் அக்கா. பாதி தாண்டிவிட்டேன்.

அத்தான் அதற்குப் பிறகு யாருக்கும் கை காட்டுவதில்லை. பாடம் நடத்தும்போதுகூட. "லெஃப்ட்ல திருப்புங்க" என்று வாயால் சொல்கிறார். கை இரண்டும் தொடைக்குக் கீழே இருக்கும்.

விசாரணை வந்தது. அலுவலர் மருத்துவமனைக்கே வந்தார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

"ஏம்மா, பாத்து வந்திருக்கக் கூடாதா?"

"பாத்தேன் சார்."

"பாத்தா எப்படி அடிபடும்?"

"எங்க வீட்டுக்காரர் வண்டி நின்னுது. இருபதுன்னு பலகை இருக்கு. பின்னால வர்ற வண்டியும் நிக்கும்னு நினைச்சேன்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு லாரி ஓட்டுநரைக் கேட்டார். அந்த மனிதர் ஒளிக்கவில்லை. "அம்பதுக்கு மேல இருக்கும் சார்" என்று தானாகவே சொன்னார். அலுவலர் அவருக்கு ஓர் அறிக்கையைக் காட்டினார். இந்தச் சாலையில் வண்டிகள் சராசரி இருபத்தெட்டில் போகின்றன, துறையே அளந்திருக்கிறது, நீ எப்படி அம்பதில் வந்திருப்பாய் என்று கேட்டார். ஓட்டுநர் படித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அப்படியும் இருக்கலாம் சார்" என்றாராம்.

முடிவு: லாரியின் வேகம் காரணமல்ல. பாதசாரியின் கவனக்குறைவே காரணம்.

எங்கள் செயற்பொறியாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "உன் அறிக்கைதாம்மா ஆதாரமா நின்னுது" என்றார். அடிபட்டவள் என் அக்கா என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்ததும் டீ சொன்னார்.

அன்பார்ந்த தாய்மார்களே! ஒரு பெண்ணின் எலும்பை உடைத்தது லாரி. அவள் பேச்சைப் பொய்யாக்கியது யார்? அவள் தங்கை. அவள் பார்த்த கண்ணைப் பார்க்காத கண் ஆக்கியது யார்? அவள் தங்கை. தினமும் நானூறு பெண்கள் கடக்கும் வாசலில், "மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று எழுதி, நிம்மதியாக ஜீப்பில் ஏறிப் போனது யார்? கை தூக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கைதான் வரும்.

போன மாதம் விடுப்பு எடுத்தேன். கருவியையும் எடுத்தேன். அனுமதி இல்லாமல். ஆமாம் சார், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆலை வாசலுக்கு எதிரே, மாடியில், ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. காத்திருப்பு அறையின் ஜன்னலுக்குத் திரைச்சீலை உண்டு. திரைக்குப் பின்னால் மூன்று நாள் உட்கார்ந்தேன். மேலங்கி இல்லை. குடை இல்லை. ஜீப் இல்லை. முன்னால் வேறு வண்டி இல்லாமல், தன் விருப்பப்படி வரும் வண்டிகளை மட்டும் அளந்தேன். இன்னொருவர் முதுகில் ஒட்டிக்கொண்டு வருபவரின் வேகம் அவர் விருப்பம் அல்லவே.

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் முதல் நாளே துணைக்கு வந்துவிட்டார்.

"சிவப்பு வேன் எத்தனைம்மா?"

"அறுபத்தி ரெண்டு."

"நான் அறுபதுன்னேன். பரவாயில்ல. இந்த பைக்?"

"எழுபத்தி ஒண்ணு."

எட்டிப் பார்த்தார். "அட, அது என் மருமகன். எழுதிக்கோங்க."

"வண்டி யாருதுன்னு எழுத மாட்டோம் ஐயா."

"பரவாயில்லம்மா, நான் பேரு சொல்றேன், எழுதிக்கோங்க."

அறுநூறு வண்டிகள். அவற்றில் இருபதுக்குள் வந்தவை எத்தனை? மூன்று. ஒன்று, பழுதான வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டி. மீதி இரண்டும் அத்தான். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. எளிதாகச் சொல்கிறேன். நூறு வண்டிகளை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாக நிறுத்துங்கள். எண்பத்தைந்தாவது வண்டியின் வேகத்தைப் பாருங்கள். நூறு பேரில் எண்பத்தைந்து பேர் புத்தியுள்ளவர்கள், உயிர்மேல் ஆசையுள்ளவர்கள், அந்தச் சாலை எவ்வளவு தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. கடைசிப் பதினைந்து பேர்மேல் அந்த நம்பிக்கை இல்லை. ஆலை வாசலில் எண்பத்தைந்தாவது வண்டி ஐம்பத்தெட்டில் வந்தது. வாசலைத் தாண்டி, இரண்டு பக்கமும் காலி நிலமாக இருக்கும் இடத்தில், அறுபத்து மூன்று.

சங்கச் செயலாளர் தலையாட்டுகிறார். அவசரப்பட வேண்டாம் ஐயா. உங்களிடமும் வருகிறேன்.

ஏன் ஐம்பத்தெட்டில் வருகிறார்கள்? எல்லோரும் கெட்டவர்களா? இந்த மண்டபத்தில் கையை இறக்கிய அத்தனை பேரும் கொலைகாரர்களா? அந்தச் சாலையைப் பாருங்கள். பதினோரு மீட்டர் அகலம். ஒரு வளைவு இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு மேடு இல்லை. சாலை முழுக் குரலில், ஓடு ஓடு என்கிறது. ஓரத்தில் ஒரு தகரப் பலகை இருபது, இருபது என்று முனகுகிறது. ஓட்டுபவன் காதில் எது விழும்?

சங்கம் சொல்கிறது: அப்படியானால் ஓட்டுகிறவர்கள் விருப்பம்தான் வரம்பு; அறுபது எழுதுங்கள். ஐயா, காலி நிலத்தின் நடுவே அந்தக் கணக்கில் பாதி நியாயம் இருக்கலாம். ஆலை வாசலில்? அங்கே எண்ணை முடிவு செய்ய வேண்டியது எண்பத்தைந்தாவது வண்டியா? எலும்பு அல்லவா முடிவு செய்ய வேண்டும்! நேற்று மாலை இந்த மண்டபத்தை டேப் வைத்து அளந்தேன். ஐம்பத்தெட்டில் வருகிறவர் ஓர் ஆளைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு விநாடியில் வண்டி பதினாறு மீட்டர் போகும். இந்த மேடையிலிருந்து மண்டபத்தின் பின்வாசல் வரை பதினாறு மீட்டர். அதாவது, இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரையும் கடந்தாகிவிட்டது. பிரேக்கை இன்னும் தொடவில்லை. முப்பதில் வந்தால் எட்டு மீட்டர். ஐந்தாவது வரிசை. ஆறாவது வரிசையில் கால் பிரேக்கில் இருக்கும். பத்தாவது வரிசைக்கு முன்னால் வண்டி நின்றிருக்கும். பத்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்கு என் வாழ்த்துகள்.

தாய்மார்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சொல்லுங்கம்மா. "அப்ப இருபதே இருக்கட்டும், அபராதத்தை ரெண்டு மடங்காக்குங்க. எதுக்கு இவ்வளவு பேச்சு?" கை தட்டுகிறீர்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தால் தட்டியிருப்பேன்.

ஆனால் அம்மா, நான்கு கிலோமீட்டரும் இருபது என்றால், காலி நிலத்திலும் இருபது. ஆள் இல்லை, வீடு இல்லை, நாய்கூட இல்லை, அங்கேயும் இருபது. அங்கே அந்தப் பலகையைப் பார்க்கிறவன், இது சும்மா எழுதினது என்று முடிவு செய்துவிடுகிறான். அதே மனத்தோடு உங்கள் வாசலுக்கு வருகிறான். அங்கேயும் அதே இருபது. அங்கே மட்டும் அவன் ஏன் நம்ப வேண்டும்? காலி இடத்தில் சொன்ன பொய், கூட்டம் உள்ள இடத்தில் சொல்லும் உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

ஆகவே நான் கேட்பது இது. காலி நிலம் உள்ள இடத்தில் ஐம்பது. ஆலை வாசலுக்கு முன்னும் பின்னும், நானூறு மீட்டருக்கு, முப்பது.

என்ன? "உங்க அக்கா காலு போயும் நீயே அம்பது கேக்குறியே, நல்லாருக்கா?"

நல்லா இல்லம்மா. ஆனால் அந்த முப்பதை அவன் நம்ப வேண்டுமென்றால், அதற்கு முன் அந்த ஐம்பது நியாயமாக இருக்க வேண்டும். முப்பதைப் பலகையில் மட்டும் எழுதச் சொல்லவில்லை. சாலையில் எழுதச் சொல்கிறேன். வாசல் அருகே ஒரு பக்கத்துக்கு மூன்று மீட்டராகக் குறுக்குங்கள். நடுவே கல் திட்டு கட்டுங்கள். நிற்கிற வண்டியைத் தாண்டி எந்த லாரியும் ஏறி வர முடியாதபடி. கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்குத் தூக்குங்கள். ஐம்பத்தெட்டில் வருபவனுடைய தலை கூரையில் இடிக்கட்டும். இரண்டாவது முறை அவன் பலகையையே பார்க்க வேண்டியிருக்காது. கட்டி முடித்த பிறகு மறுபடியும் அளப்போம். ஒளிந்திருந்து அளப்போம். எண்பத்தைந்தாவது வண்டி முப்பதுக்கு வரவில்லையென்றால் பலகையைத் தொட வேண்டாம். சாலையை மறுபடி மாற்றுவோம்.

தலைவர் மணி அடிக்கிறார். இரண்டு நிமிடம், ஐயா.

பெரியோர்களே! பதினோரு ஆண்டுகளாக அந்தப் பலகையை நம்பியவர்கள் யார்? எழுதியவர்கள் நம்பவில்லை. நட்டவர் நம்பவில்லை. லாரிக்காரர்கள் நம்பவில்லை, ரொட்டி வண்டிக்காரர் நம்பவில்லை, மருமகன்கள் நம்பவில்லை. அளந்த நானும் நம்பவில்லை. இந்த ஊரில் அதை நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதை நம்பி வண்டியை நிறுத்தினார். இன்னொருத்தி அதை நம்பிச் சாலையில் இறங்கினாள். நம்பிய இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில், ஒரே இடத்தில், கணவனும் மனைவியுமாக, அந்த நம்பிக்கைக்குத் தண்டனை பெற்றார்கள். நம்பாத நாம் அத்தனை பேரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தோம்!

ஒரு பலகை என்பது என்ன? முன்பின் தெரியாதவர்களுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. கொடுக்கும்போதே பாதியைக் கழித்துக்கொள்வார்கள் என்று கணக்கிட்டுக் கொடுத்தால், அது வாக்கா? வாசலில் நின்று சாலையைப் பார்க்கும் ஒருத்திக்கு, எது உண்மை, எது பேரத்துக்காகச் சொன்னது என்று எப்படித் தெரியும்? அவளுக்கு ஒரே ஒரு எண்தான் தெரியும். அந்த எண்ணை நம்பி அவள் காலை எடுத்து வைக்கிறாள். அந்தக் கால் மறுபக்கம் போய்ச் சேரும் எண்ணை எழுதுங்கள்! சேரும் எண்ணை மட்டுமே எழுதுங்கள்!

கடைசியாக ஒன்று. என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதம் இந்த உறையில் இருக்கிறது. அளந்த விதம் தவறு, இருபத்தெட்டு என்ற எண்ணை எந்த விசாரணைக்கும் ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். இது ஏற்கப்பட்டால், என் அக்காவின் பெயருக்கு எதிரே உள்ள "கவனக்குறைவு" என்ற சொல்லுக்கு ஆதாரம் இருக்காது. விசாரணையை மறுபடி திறக்க வேண்டிவரும்.

நேற்று செயற்பொறியாளர் என்னிடம் அக்கறையோடு சொன்னார். "யோசிச்சுக்கோம்மா. ஒரு தடவை திரும்ப வாங்கினா, அப்புறம் நீ அளந்த எதையும் எவனும் நம்ப மாட்டான்." அவர் சொன்னது சரி. திரைக்குப் பின்னால் அளந்த ஐம்பத்தெட்டையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வேறு யாரையாவது அனுப்பி அளந்து பாருங்கள். பல் மருத்துவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை போகலாம். கருவியை எடுத்ததற்குத் தனியாகவும் போகலாம். அப்படிப் போனால் அக்கா என்னைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எழுந்து போகாமல் இருந்த கால்களுக்கும், எதிர்த்துக் கேட்ட குரல்களுக்கும், மணி அடித்தும் இறக்கிவிடாத தலைவருக்கும் என் நன்றி. கடக்கப் போகிற எல்லோருக்கும் வணக்கம்.

*

அவள் மேடையிலிருந்து இறங்காமல் அப்படியே திரும்பி, உறையைச் செயற்பொறியாளரிடம் நீட்டினாள். அவர் பிரித்துப் படித்துவிட்டு, தேதி போடவில்லை என்றார். அவருடைய சட்டைப் பையிலிருந்த பேனாவையே கேட்டு வாங்கித் தேதியை எழுதினாள். பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போடும் வரை அங்கேயே நின்றாள்.